டோக்கியோவில் எங்கே தங்கலாம்: அசாகுசா பக்கமா, ஷின்ஜுகு பக்கமா?

டோக்கியோவுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, எத்தனை நாள் என்பதும் முடிவாகிவிட்டது, அறையை எந்தப் பக்கம் எடுப்பது என்பதில்தான் குழப்பம் என்றால் இது உங்களுக்காக. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை கல்லூரித் தோழியோடு, ஐந்து இரவும் ஷின்ஜுகுவில். இரண்டாவது முறை அம்மா, பத்து வயது மகன், நான், மூன்று பேரும் ஏழு இரவு அசாகுசாவில். இரண்டு பயணத்திலும் பார்த்த இடங்கள் பாதிக்கு மேல் ஒன்றேதான், ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் இரண்டு வேறு ஊருக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது. அறை இருந்த இடம் ஒன்றுதான் மாறியிருந்தது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மாவோடோ சின்னப் பிள்ளைகளோடோ முதல் முறை போகிறவர்கள் கிழக்கே, அசாகுசாவிலோ உயெனோவிலோ தங்குங்கள். இரவில் ஊர் சுற்றுவதுதான் முக்கியம் என்கிற இளவட்டம் மேற்கே, ஷின்ஜுகுவிலோ ஷிபுயாவிலோ தங்கலாம். ஏன் என்றால், டோக்கியோவின் பழைய பக்கம் விடிகாலையிலும் கடை அடைத்த பிறகு இரவிலும்தான் தன் முகத்தைக் காட்டுகிறது, அந்த நேரத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தால்தான் அது கிடைக்கும். புதிய பக்கமோ காலை பதினொரு மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்தே கிடக்கிறது, எங்கே தங்கினாலும் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

முதலில் ஊரின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். டோக்கியோ மாநகரத்தில் மட்டும் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர், ஒட்டியிருக்கிற நகரங்களையும் சேர்த்தால் மூன்றரைக் கோடியைத் தாண்டிவிடும். இத்தனை பெரிய ஊருக்கு நடுநாயகமாக ஓர் இடம் என்று கிடையாது. உயெனோ, டோக்கியோ ஸ்டேஷன், ஷிபுயா, ஷின்ஜுகு, இகெபுகுரோ என்று ஒவ்வொன்றும் தனித்தனி டவுன் மாதிரி. இவற்றையெல்லாம் யமனோதே என்கிற வட்ட ரயில் மாலையாகக் கோர்க்கிறது. 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆகவே "நடுவில் எடுத்துவிட்டால் எல்லாம் பக்கம்" என்கிற நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிழக்கு, மேற்கு என்று நான் பிரிப்பதற்கு ஊரின் கதையிலேயே காரணம் இருக்கிறது. 1603இல் தொக்குகாவா இயெயாசு என்ற படைத்தலைவர் ஆட்சியைப் பிடித்து, அப்போது எடோ என்று பெயர் கொண்ட இந்த ஊரிலிருந்து நாட்டை ஆண்டபோது, சுமிதா ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலத்தில் வியாபாரிகளும் கைவினைஞர்களும் குடியிருந்தார்கள், மேற்கே இருந்த மேட்டில் சாமுராய்களின் மாளிகைகள். பள்ளத்துப் பக்கத்துக்கு ஷிதமாச்சி என்று பெயர், மேட்டுப் பக்கத்துக்கு யமனோதே. வட்ட ரயிலின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1868இல் பேரரசர் ஆட்சி திரும்பியபோது ஊருக்கு டோக்கியோ, அதாவது கிழக்குத் தலைநகர், என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினாலும் பள்ளத்து ஆட்களின் கலகலப்பும் மேட்டுப் பக்கத்தின் மிடுக்கும் இன்றைக்கும் தெரு நடையில் தெரிகிறது.

ஒரு ஏமாற்றத்தை இங்கேயே தவிர்த்துவிடலாம். பழைய பக்கம் என்றதும் நானூறு வருஷத்து மரவீடுகள் வரிசையாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் கிழக்குப் பக்கம் எரிந்து போயிற்று. மீண்டும் கட்டியதை 1945 மார்ச் 10 குண்டுவீச்சு தரைமட்டமாக்கியது, அந்த ஓர் இரவில் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். அசாகுசாவின் சென்சோஜி கோயில் 628இல் இரண்டு மீனவ சகோதரர்களின் வலையில் சிக்கிய, கன்னோன் என்ற கருணைத் தெய்வத்தின் சிலையிலிருந்து தொடங்கியது என்பது ஐதீகம், ஆனால் இன்று நாம் பார்க்கும் பிரதான மண்டபம் 1958இல் கான்கிரீட்டில் எழுப்பியது. பெரிய சிவப்பு விளக்கு தொங்குகிற கமினரிமோன் வாசல் 1960இல் கட்டியது, செலவை ஏற்றுக்கொண்டவர் பேனசோனிக் நிறுவனத்தைத் தொடங்கிய மட்சுஷிதா. இதைத் தெரிந்துகொண்டு போனால் கண் வேறு விதமாகப் பார்க்கும். அங்கே பழசாக இருப்பது கல்லும் மரமும் இல்லை, கும்பிடுகிற விதமும் கடை வைக்கிற விதமும் வாசல் பெருக்குகிற விதமும்தான். அவை பகல் கூட்டத்தில் தெரியாது.

அம்மாவோடு தங்கியிருந்தபோது நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு சென்சோஜிக்குப் போனோம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பிரதான மண்டபத்தை ஆறு மணிக்குத் திறக்கிறார்கள், மற்ற மாதங்களில் ஆறரை. கமினரிமோனிலிருந்து கோயிலுக்குப் போகிற நகமிசே கடைத்தெரு 250 மீட்டர் இருக்கும், பகலில் அங்கே காலை எடுத்துவைக்க இடம் கிடைக்காது. அந்த நேரத்தில் எல்லாக் கடையும் மூடிக் கிடந்தன, ஷட்டர்கள் எல்லாவற்றிலும் திருவிழாக் காட்சிகள், பருவங்கள், பழைய அசாகுசா என்று வரைந்து வைத்திருந்தார்கள். கடை திறந்திருக்கும்போது போகிறவர்கள் இந்த ஓவியங்களைப் பார்க்கவே முடியாது. உள்ளே துறவிகள் ஓத ஆரம்பித்தார்கள், முரசு ஒலித்தது. வேலைக்குப் போகிற வழியில் ஒருவர் பையைத் தோளில் மாட்டியபடியே வந்து, காசு போட்டு, கைகூப்பி, ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார். நம் ஊரில் பஸ் ஏறுவதற்கு முன்னால் முக்குப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடுவோமே, அச்சாக அதேதான். முதல் பயணத்தில் இதே கோயிலுக்கு மதியம் இரண்டு மணிக்கு ஷின்ஜுகுவிலிருந்து வந்திருந்தேன், எனக்கு நினைவில் நின்றது செல்ஃபி குச்சிகள் மட்டுமே.

அங்கேயே 100 யென் போட்டுக் குறி பார்க்கலாம். உலோகப் பெட்டியைக் குலுக்கினால் சின்ன ஓட்டை வழியாக ஒரு குச்சி வெளியே வரும், அதில் உள்ள எண்ணுக்கான இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுக்க வேண்டும். இந்தக் கோயிலில் கெட்ட பலன் நிறையவே வரும், பயப்பட வேண்டாம், சீட்டை மடித்துப் பக்கத்தில் இருக்கிற கம்பியில் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் வழக்கம்.

அப்புறம் அங்கிருந்து ஆற்றோரமாக ஒரு பத்து நிமிஷம் நடந்தால் மட்சுசியாமா ஷோதென் என்று ஒரு சின்ன மேட்டுக் கோயில். கூட்டமே இருக்காது. இங்கே மூலவர் கங்கிதென், அதாவது நம் பிள்ளையார். இந்தியாவிலிருந்து சீனா வழியாக பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்தவர். சிலையைக் காட்ட மாட்டார்கள், எப்போதும் மறைவில்தான். ஆனால் வாசலிலிருந்து கூரை வரை எங்கே பார்த்தாலும் இரட்டை முள்ளங்கியும் பணப்பையும் செதுக்கியிருக்கிறார்கள், ஏனென்றால் இங்கே நைவேத்தியம் வெள்ளை முள்ளங்கி. கோயிலிலேயே விற்கிறார்கள், முழங்கை நீளம் இருக்கும், வாங்கிச் சந்நிதியில் வைத்துவிட வேண்டியதுதான். அம்மா நின்று பார்த்துவிட்டு, "என்னடி இது, பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை கிடையாது, முள்ளங்கியா?" என்றாள், சொல்லிவிட்டு அவளே ஒன்று வாங்கி வைத்தாள். படைத்த முள்ளங்கியை வருகிறவர்களுக்குப் பிரசாதமாகவும் கொடுக்கிறார்கள். எங்களுக்கும் ஒன்று கிடைத்தது, அதை அறைக்கு எடுத்துவந்து மூன்று நாள் பச்சையாகவே நறுக்கித் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேட்டில் ஏற ஒரு குட்டி ரயில்பெட்டி மாதிரி வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது.

உயெனோ பக்கம் வந்தால் ஷினோபாசு குளத்தின் நடுவில் சரஸ்வதி, பென்தென் என்ற பெயரில். வீணைக்குப் பதிலாக பிவா என்ற நரம்பு வாத்தியம் அவளுடையது. ஜூலை, ஆகஸ்டில் குளம் முழுக்கத் தாமரை. அதே உயெனோ பூங்காவில்தான் டோக்கியோ தேசிய அருங்காட்சியகம், 1882இல் திறந்த ஜப்பானின் முதல் மிருகக்காட்சி சாலை, சண்டிகரைத் திட்டமிட்ட லே கொர்பூசியே கட்டிய மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம் எல்லாம் இருக்கின்றன. கொஞ்சம் வடக்கே யானகா. போரிலும் நிலநடுக்கத்திலும் பெரும்பாலும் தப்பித்த பேட்டை, பழைய வீடுகளை நிஜமாகவே பார்க்க வேண்டும் என்றால் இங்கேதான் வர வேண்டும். சாயங்காலம் யானகா கின்ஸா கடைத்தெருவின் படிக்கட்டில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பாருங்கள். பக்கத்தில் நிப்போரியில் தெரு முழுக்கத் துணிக்கடை, தைக்கத் தெரிந்தவர்களை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

இவ்வளவு சொன்னபிறகு, என் வாதத்துக்கு எதிரான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிறவர்கள் எழுதும் குறிப்புகளில் "நேர மாற்றத்தால் விடிகாலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும், அப்படியே கோயிலுக்குப் போய்விடுங்கள்" என்று இருக்கும். நமக்கு அது நடக்காது. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை ஆறு மணி என்றால் நம் உடம்புக்கு இரவு இரண்டரை. அலாரம் அடித்தாலும் எழ முடியாது, மாறாக ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண்ணைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இந்த ஒரு விஷயத்தில் முதல் இரண்டு மூன்று நாளைக்கு மேற்குப் பக்கம்தான் நம் உடம்போடு ஒத்துப்போகிறது. நாங்கள் நான்காம் நாள்தான் காலைக் கோயிலுக்குப் போனோம் என்பதற்கும் இதுதான் காரணம். ஆனால் கிழக்கே தங்கினாலும் அந்த முதல் இரவுகள் வீணாகாது. சென்சோஜி வளாகம் எந்நேரமும் திறந்திருக்கும், மண்டபத்துக்கும் ஐந்தடுக்குக் கோபுரத்துக்கும் இரவு பதினொன்று வரை விளக்குப் போட்டிருப்பார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் 634 மீட்டர் ஸ்கைட்ரீ கோபுரம் நிறம் மாற்றிக்கொண்டே நிற்கும். பத்து மணிக்கு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வெறிச்சோடிய முற்றத்தில் நடந்தோம். அவனுக்கு டோக்கியோ என்றால் இன்றைக்கும் அதுதான்.

சரி, மேற்குப் பக்கம். ஷின்ஜுகுவைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. இருபத்தைந்து வயதில் முதல் முறை அந்த நிலையத்தின் கிழக்கு வாசலில் ஏறி வெளியே வந்து நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. உலகத்திலேயே அதிகம் பேர் வந்துபோகிற ரயில் நிலையம் அது, தினமும் 30 லட்சத்துக்கு மேல், வெளிவாசல்கள் மட்டும் 200க்கு மேல். மழை பெய்தால் நியான் வெளிச்சம் தரையில் கலங்கிக் கிடக்கும். குறுகிய சந்துகளுக்குள் ஆறேழு பேர் மட்டும் உட்காரக்கூடிய மதுக்கடைகள் இருநூறு அடுக்கியிருக்கிற கோல்டன் காய், புகை மண்டிய ஓமோயிதே சந்து, விடிய விடியத் திறந்திருக்கிற கடைகள். கென்சோ தாங்கே வடிவமைத்த மாநகர அரசுக் கட்டிடத்தின் 202 மீட்டர் உயரத்திலிருந்து காசு கொடுக்காமலே ஊரைப் பார்க்கலாம், குளிர்காலக் காலையில் வானம் தெளிந்திருந்தால் ஃபூஜி மலை தெரியும். ஷிபுயாவில் அந்தப் பிரபலமான நாற்சந்தி, எஜமானுக்காகக் காத்திருந்த ஹச்சிகோ நாயின் சிலை, 229 மீட்டர் உயரத்தில் ஷிபுயா ஸ்கை. சூரியன் மறைகிற நேரத்துக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

ஆனால் அதே நிலையத்தில் எழுபது வயது அம்மாவோடும் இரண்டு பெட்டியோடும் நின்று பாருங்கள். தப்பான வாசலில் வெளியே வந்துவிட்டால் சரியான பக்கம் போய்ச் சேர இருபது நிமிஷம் நடை. காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை ரயிலில் நெரிசல். முதல் பயணத்தில் எங்கள் ஹோட்டல் நிலையத்திலிருந்து "ஐந்து நிமிஷம்" என்று போட்டிருந்தது, அது சரிதான், ஆனால் நிலையத்துக்குள்ளேயே நடக்கிற பதினைந்து நிமிஷத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஷின்ஜுகுவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான காபுகிசோ பக்கம் குடும்பத்தோடு அறை எடுக்காதீர்கள். தெருவில் நின்று கூப்பிடுகிறவர்கள் பின்னால் போகக்கூடாது என்று ஒலிபெருக்கியிலேயே எச்சரிக்கிறார்கள், அதைக் கேளுங்கள்.

மேற்கிலும் பழசு இல்லாமல் இல்லை. ஹரஜுகு நிலையத்தை ஒட்டி மெய்ஜி ஜிங்கு ஆலயம் இருக்கிறது, 1920இல் அமைத்தது. சுற்றியுள்ள பெரிய காடு இயற்கைக் காடு மாதிரியே தெரியும், ஆனால் நாடெங்கிலும் இருந்து மக்கள் அனுப்பிய ஒரு லட்சம் மரக்கன்றுகளை நட்டு வளர்த்தது. சூரியன் உதிக்கும்போது திறந்து மறையும்போது மூடிவிடுவார்கள். அப்புறம், இந்தியர்களுக்கென்றே இரண்டு இடங்கள் இந்தப் பக்கம் உண்டு. ஒன்று ஷின்ஜுகுவில் நகமுராயா. ஆங்கிலேய அரசிடமிருந்து தப்பி 1915இல் ஜப்பானுக்கு வந்த ராஷ் பிஹாரி போஸுக்கு அடைக்கலம் கொடுத்த குடும்பத்தின் கடை அது, அந்த வீட்டுப் பெண்ணைத்தான் அவர் மணந்தார், அவர் சொல்லிக்கொடுத்த இந்தியக் கறியை 1927இலிருந்து இன்றைக்கும் பரிமாறுகிறார்கள். இன்னொன்று ஹிகாஷி கோயென்ஜியில் இருக்கிற சின்ன ரென்கோஜி கோயில். நேதாஜியின் அஸ்தி என்று ஒரு கலசம் 1945இலிருந்து அங்கே இருக்கிறது, முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலை. நேரு 1957இல் வந்திருக்கிறார், வாஜ்பாய் 2001இல் வந்திருக்கிறார். அந்த அஸ்தி பற்றி வாதம் ஓயவில்லை. ஆனால் மலாயாவில் தோட்டவேலையை விட்டுவிட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் எத்தனை பேர், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் டோக்கியோ வந்தால் அந்த முற்றத்தில் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஷின்ஜுகுவிலிருந்து மருனோஉச்சி பாதையில் சில நிலையங்கள்தான்.

கிழக்கே தங்கினால் இதையெல்லாம் விட்டுவிட வேண்டியதில்லை. கின்ஸா பாதை என்ற மெட்ரோவின் ஒரு முனை அசாகுசா, மறுமுனை ஷிபுயா. ஆசியாவின் முதல் சுரங்க ரயில் இதுதான், 1927இல் அசாகுசாவுக்கும் உயெனோவுக்கும் நடுவில் ஓட ஆரம்பித்தது, 1939இல் ஷிபுயா வரை ஒரே ரயிலாக இணைந்தது. முழுத் தூரமும் சேர்ந்து 35 நிமிஷம். அசாகுசாவில் ரயில் புறப்படுவதால் உட்கார இடம் கிடைத்துவிடும், பெரியவர்களோடு போகும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்பது போனால்தான் தெரியும். நிலத்துக்கு அடியில் ஏறிய ரயில் ஷிபுயாவில் மூன்றாம் மாடி உயரத்தில் போய் வெளிச்சத்துக்கு வரும். ரயில் மேலே ஏறவில்லை, ஷிபுயா பள்ளத்தாக்கில் இருக்கிறது, பெயரிலேயே பள்ளத்தாக்கு இருக்கிறது. என் மகன் இதற்காகவே இரண்டு முறை போகச் சொன்னான். திரும்புவதில் மட்டும் கவனம்: கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அதை விட்டால் டாக்சி, பை காலியாகிவிடும்.

சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு டோக்கியோ லேசுப்பட்ட ஊர் இல்லை. காய்கறி மட்டும்தான் என்று சொல்லிக் கொடுக்கிற நூடுல்ஸிலும் குழம்பிலும் தாஷி இருக்கும், அது மீன் சீவலில் எடுத்த சாறு. "இறைச்சி வேண்டாம்" என்றால் அவர்களுக்கு மீன் அதில் அடங்காது, "மீன் வேண்டாம்" என்றால் தாஷி அடங்காது. மூன்றையும் தனித்தனியாக ஜப்பானிய மொழியில் எழுதி போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். இந்த விஷயத்திலும் கிழக்குதான் எங்களுக்கு வசதியாக இருந்தது. உயெனோவுக்கு அடுத்த ஒகாச்சிமாச்சியில் நகை, ரத்தினக்கல் வியாபாரம் செய்கிற இந்தியர்கள் பல வருஷமாக இருக்கிறார்கள், அதனால் அங்கே தோசை, இட்லி கிடைக்கிற தென்னிந்திய உணவகங்களும் உண்டு. தினமும் அதற்கே போக வேண்டாம் என்றால், சூப்பர் மார்க்கெட்டில் சூடாக்கிச் சாப்பிடுகிற வெந்த சாதம் டப்பாவில் கிடைக்கும், சர்க்கரை போடாத தயிர் கிடைக்கும், உமெபோஷி என்ற உப்புப் புளிப்புக் காய் ஊறுகாய்க்கு ஈடு கொடுக்கும். அம்மா இந்த மூன்றையும் வைத்து ஹோட்டல் மேஜையில் தயிர் சாதம் பிசைந்தாள், கூட அந்தப் பிள்ளையார் முள்ளங்கி. அரிசி நம் அரிசியைவிட ஒட்டும், தயிர் சாதத்துக்கு அது இன்னும் நல்லதுதான். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், எங்கே நுழைந்தாலும் நல்ல சாப்பாடு.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியும் கிழக்குக்குச் சாதகம். நரிதாவிலிருந்து உயெனோவுக்கு ஸ்கைலைனர் ரயில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஹனேதாவிலிருந்தும் நரிதாவிலிருந்தும் அசாகுசாவுக்கு மாறாமல் வருகிற ரயில்களும் உண்டு. ஷின்ஜுகுவுக்கு நரிதாவிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலிலேயே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: அசாகுசா என்ற பெயரில் நான்கு பாதைகளுக்குத் தனித்தனி நிலையங்கள் இருக்கின்றன. அதில் சுகுபா எக்ஸ்பிரஸ் நிலையம் மற்ற மூன்றிலிருந்து கணிசமான தூரம் தள்ளி, கோயிலுக்கு மேற்கே. "அசாகுசா நிலையத்திலிருந்து இரண்டு நிமிஷம்" என்று ஹோட்டல் பக்கத்தில் இருந்தால் எந்தப் பாதையின் நிலையம் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நாங்கள் பார்க்காமல் கட்டிவிட்டு முதல் நாள் மழையில் பெட்டியை இழுத்துக்கொண்டு போனோம். அகாசாகா என்று வேறொரு இடமும், அசாகுசாபாஷி என்று வேறொரு நிலையமும் இருக்கின்றன, அவை வேறு.

ஒரு நாள் வெளியூர் போவதாக இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். ஃபூஜி மலை பார்க்க கவகுசிகோவுக்கு ஷின்ஜுகு பஸ் நிலையத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ஹகோனேவுக்கும் அங்கிருந்தே நேரடி ரயில். இயெயாசுவின் சமாதியும் மூன்று குரங்குச் சிற்பமும் இருக்கிற நிக்கோவுக்கு அசாகுசாவிலிருந்தே தோபு ரயில், அதுவும் இரண்டு மணி நேரம்தான். ஃபூஜிதான் கனவு என்றால் மேற்கே இரண்டு இரவாவது தங்குவது புத்திசாலித்தனம், விடிகாலைப் பஸ்ஸுக்கு ஊரைக் கடந்து ஓட வேண்டாம்.

அறை இரண்டு பக்கமும் சின்னதுதான். சாதாரண பிசினஸ் ஹோட்டலில் 130லிருந்து 160 சதுர அடி, இரண்டு பெட்டியை ஒரே நேரத்தில் விரிக்க முடியாது. ஒரே தரத்து அறைக்கு ஷின்ஜுகு, ஷிபுயாவில் பெரும்பாலும் கூடுதலாகவே கேட்கிறார்கள், மூன்று பேர் படுக்கிற அறை எங்களுக்குக் கிழக்கே எளிதாகக் கிடைத்தது.

வேறு பேட்டைகளையும் சிலர் கேட்பார்கள். டோக்கியோ ஸ்டேஷன், கின்ஸா பக்கம் புல்லட் ரயிலுக்கு வசதி, விலை கூடுதல், இரவில் அலுவலகப் பகுதி அடங்கிவிடும். நிஷி கசாயில் நம்மவர்கள் நிறைய பேர் குடியிருக்கிறார்கள், மளிகைக்கடை, பள்ளி எல்லாம் இருக்கின்றன, ஒரு மாதம் இரண்டு மாதம் வேலையாகப் போகிறவர்களுக்கு நல்லது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே தங்க வேண்டியதில்லை.

நம் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வருவதால் இதையும் சொல்ல வேண்டும்: ஏப்ரல் 29இலிருந்து மே 5 வரை ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை, ஊரே பயணத்தில் இருக்கும், அறை விலை எகிறிவிடும். மே 7க்கு மேல் போங்கள், வெயிலும் இதமாக இருக்கும், மூன்றாம் வாரக் கடைசியில் போனால் அசாகுசாவில் சஞ்ஜா திருவிழா, பல்லக்குகளைத் தோளில் குலுக்கிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். அந்த நாட்களுக்கு அசாகுசா அறையை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடிக்க வேண்டும். ஜூனில் மழை, ஜூலை ஆகஸ்டில் சென்னை மே மாதம் தோற்கும்.

ஆறு இரவுக்கு மேல் இருந்து, கூட வருகிறவர்கள் நன்றாக நடக்கக்கூடியவர்கள் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: முதல் இரண்டு இரவு ஷின்ஜுகு, மீதி அசாகுசா. முதல் இரண்டு நாள் உடம்பு எப்படியும் நள்ளிரவு வரை தூங்காது, அதை ஷின்ஜுகுவின் வெளிச்சத்துக்குக் கொடுத்துவிடலாம், ஃபூஜியையும் அங்கிருந்தே முடித்துவிடலாம். மூன்றாம் நாள் பெட்டியை ஹோட்டல் வரவேற்பிலேயே கொடுத்தால் கூரியரில் மறுநாள் அசாகுசா ஹோட்டலுக்கு வந்துவிடும், ஓர் இரவுக்கான துணியை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். அசாகுசா போய்ச் சேரும்போது உடம்பும் ஜப்பான் நேரத்துக்கு வந்திருக்கும், காலை ஆறு மணிக்குக் கோயில் முரசு கேட்க எழுந்துவிடலாம். பெரியவர்களோடு என்றால் இந்த மாற்றமே வேண்டாம், ஏழு இரவும் அசாகுசா, கின்ஸா பாதை நிலையத்துக்கும் கமினரிமோனுக்கும் நடுவில் எங்காவது, லிஃப்ட் இருக்கிற வாசல் எது என்று மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.